பாத்தூர் எரிமலைக்கு எதிரே பிடித்து வைத்த இடம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் அம்மாவும் சாங்கி விமான நிலையத்தில் விமானம் ஏறினோம். இரண்டே முக்கால் மணி நேரத்தில் பாலித் தீவு.

அம்மா தேக்கா உணவங்காடியில் மேசை துடைக்கிறார். ஊர் சுற்றுவதற்காக அவர் விடுப்பு எடுத்தது இதுவே முதல் முறை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நான்காம் வகுப்புப் புத்தகத்தில் எரிமலைப் படத்தைக் காட்டியபோது, “மலை நெருப்பு கக்குமா? கதை விடாதடி” என்றார். ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன். சொன்னதைச் செய்ய என் சம்பளத்தில் வந்திருக்கிறோம்.

வாடகைக் கார் ஒரு நாளுக்கு எட்டு லட்சம் ரூப்பியா, எங்கள் ஊர்ப் பணத்தில் ஏறக்குறைய அறுபத்தைந்து வெள்ளி. ஓட்டுநர் வாயானிடம் என் ஆங்கிலம் பாதிதான் எடுபட்டது. அம்மாவின் சந்தை மலாய் முழுதாக எடுபட்டது.

முதல் நாள் தெற்கு. உலுவாத்துவில் வெளுத்த சுண்ணாம்புப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. கடை வாசல்தோறும் தென்னங்குருத்துத் தட்டில் பூவும் சோறும் படையலாகத் தரையில் வைத்திருந்தார்கள். எல்லோரும் விலகியே நடந்தார்கள்.

“நம்ம டிஷ்யூ பாக்கெட் மாதிரி லா. யாரும் தொடமாட்டாங்க” என்றார் அம்மா. எங்கள் ஊரில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால், சாப்பாடு வாங்கப் போனவர் இடம் பிடித்திருக்கிறார் என்று பொருள். அதை வாயானுக்கும் மலாயில் விளக்கினார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டாம் நாள் வடக்கே ஏறினோம். தெகலாலாங்கில் நெல் வயல்கள் படிப்படியாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கின. எரிமலைக்கு எதிரே மேட்டு விளிம்பில் இருக்கும் கிந்தாமணியில் குளிர். ஆனால் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேகம். மாலைவரை காத்திருந்தும் விலகவில்லை.

கடைசி நாள் காலை, கீழே இறங்கி எரிமலை அடிவார ஏரிக்கரையில் உறைந்த எரிமலைக் குழம்பின்மேல் நடந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கறுப்பு. அம்மா குனிந்து தொட்டார். “ஆறிப்போச்சு.”

ஒன்பதரைக்கு மீண்டும் மேலே கிந்தாமணிக்கு வந்தோம். மேகம் அப்படியே இருந்தது. பன்னிரண்டுக்குக் கிளம்பாவிட்டால் விமானம் போய்விடும். பதினொன்றுக்கு அம்மாவுக்குக் குளிரில் நடுக்கம். எதிர்க்கடையில் தேநீர் குடிக்க எழுந்தவர், நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின்மேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்தார்.

“அம்மா, இங்க யாருக்கும் இது புரியாது.”

“நீ வாடி.”

திரும்பி வந்தபோது இரண்டு வேன் கூட்டம் விளிம்பை அடைத்து நின்றது. எங்கள் பெஞ்ச் மட்டும் காலி. பாக்கெட்டின்மேல் ஒரு செம்பருத்தி! காரில் சாய்ந்திருந்த வாயான், “உட்காருங்க, இபு” என்றார். இபு என்றால் அம்மா.

உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் காற்று மாறியது. முதலில் ஏரி, பிறகு கரிய சரிவு, கடைசியில் வாய் பிளந்த உச்சி. 1,717 மீட்டர். எங்கள் ஊரின் மிக உயர்ந்த குன்று 163 மீட்டர்தான். பத்துக் குன்றுகளை அடுக்கினாலும் இதன் தலைக்கு எட்டாது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நெருப்பு எங்கடி?”

“உள்ள தூங்குதும்மா.”

“எழுப்பிடாத.”

பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூவைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் வேலைக்குப் போய்விட்டார். மாலை வீடு திரும்பியவர் என் அலமாரியைத் திறந்து துழாவினார்.

“என்னம்மா தேடுறீங்க?”

“அங்க ஒருத்தியும் நம்பமாட்டேங்குறா. கதை விடாதீங்கக்கான்னு சிரிக்கிறாளுங்க. அந்த நாலாம் வகுப்புப் புத்தகத்தை எங்கடி வெச்ச?”