தேக்குக் கட்டிலை விற்கும் காரணம்

எங்கள் தேக்குக் கட்டிலைப் பார்க்க இன்று மர்பி டவுனிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்குக் கல்யாணமாம்.

ஒரு கட்டிலுக்கு ஒன்றரை லட்சமா என்று அன்று கடையிலேயே சண்டை போட்டேன். "ஆயுசுக்கும் வரும்டி" என்று சொல்லி அவர்தான் வாங்கினார். அவர் ஆயுசுக்கு வந்துவிட்டது.

நான்கு மாதமாக ஹாலில் சோபாவில் படுக்கிறேன். கட்டில் போனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும் என்று விளம்பரம் கொடுத்திருந்தேன்.

மகள் உட்கார்ந்து பார்த்து, "சூப்பரா இருக்கும்மா" என்றாள்.

அம்மா மரத்தைத் தட்டிப் பார்த்தார். "பாதி விலைக்குக் குடுக்கறீங்களே, வெளியூர் போறீங்களாம்மா?"

ஆமாம் என்றிருக்கலாம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் இதுலதான் தவறிட்டாரு" என்றேன்.

"எந்திரிடி" என்றார் அம்மா.

லிஃப்ட் வரை போனவர், மகளை அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அடுத்து வர்றவங்ககிட்ட ஃபாரின் போறோம்னு சொல்லிடுங்கம்மா. எங்க மாமனார் கட்டில நாங்க அப்படித்தான் தள்ளிவிட்டோம்."

விளம்பரத்தை இன்னும் எடுக்கவில்லை. பழைய கட்டில் வாங்கியவர்கள் சொல்லுங்கள், உங்களிடம் என்ன காரணம் சொன்னார்கள்?