கொளஞ்சியப்பன் சொன்ன ‘வரேன்’

எங்கள் ஊர் மீன்சுருட்டியில் கொளஞ்சியப்பனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் எட்டாவதோடு நின்று முந்திரியும் கரும்பும் வைத்தான். நான் தாலுகா ஆபீசில் மழையளவு எழுதும் வேலைக்குப் போய், முப்பத்தொரு வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். அவனுக்கு நாலு வார்த்தை தெரியும். அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதுதான் முதலில் வருகிறது.

2023 நவம்பர் 4, சனிக்கிழமை, கனடாவில் எட்மன்டனில் இருக்கும் மகள் சிந்துவிடம் போனான். மனைவி பச்சையம்மாள் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிந்துவுக்குக் கைக்குழந்தை. ஜனவரி 15 அன்று வேலையில் சேர வேண்டும். மருமகன் மாதத்தில் பாதி நாள் வெளியூர். அப்பா தங்கினால் அவளுக்கு வேலை உண்டு, இல்லையென்றால் ராஜினாமா.

2019இல் நானும் டொரண்டோவிலிருக்கும் என் மகன் அறிவரசனிடம் ஆறு மாதத்துக்கென்று போய், இருபத்து மூன்றாம் நாள் திரும்பியவன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் சொல்லி வைத்தேன். அதனால் கொளஞ்சியப்பனும் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று விரும்பினேன்.

பன்னிரண்டாம் நாள் போன் செய்தான்.

“மச்சான், தெருவுல ஒரு சத்தம் இல்லய்யா. எல்லா வூடும் சாத்தியே கெடக்கு. பாத்தா சிரிக்கிறானுவ, நின்னு ஒரு வார்த்த பேச மாட்டேங்குறானுவ. நான் என்ன தப்பு பண்ணேன்?”

“டிக்கெட்ட மாத்தச் சொல்லு. நமக்கெல்லாம் அது சரிப்படாது.”

சிந்துவின் வேலை எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் சொன்னேன். டிசம்பர் 2ஆம் தேதிக்கு டிக்கெட் மாற்றினார்கள்.

நவம்பர் 24 அன்று பக்கத்து வீட்டு வால்டர் என்ற கிழவர் பனியில் குப்பைத் தொட்டியை இழுக்க முடியாமல் நின்றார். இவன் போய் இழுத்துக் கொடுத்தான். அவர் உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்தவன், நாம் எல்லோரும் சொல்வதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னான்: “ஐ வில் கம்.” ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று நம் பக்கத்தில் யார் சொல்வார்கள்?

மறுநாள் காலை வால்டர் வந்து மணியை அடித்தார். “உங்கள் அப்பா வருவதாகச் சொன்னாரே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். சிந்து விளக்கிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கொளஞ்சியப்பன் சிரிக்கவில்லை.

“எவ்வளவு நேரம்மா காத்திருந்தாராம்?”

“இருட்டுற வரைக்குமாம்ப்பா. காபி போட்டு வச்சிருந்தாராம்.”

“அடப்பாவமே” என்று அப்போதே அவர் கூடவே போய்விட்டான். அதன்பிறகு தினமும் நாலு மணிக்குப் போனான். அங்கே கதவைச் சாத்துவது ‘வராதே’ என்று சொல்வதற்கு இல்லை, ‘வருகிறேன்’ என்று சொன்னவனுக்கு மணி பார்த்துத் திறக்கிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. டிக்கெட் ரத்தானது.

டொரண்டோவில் என் நாலாம் நாளன்று, பக்கத்து வீட்டு அம்மாளிடம் நானும் இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாளும் மறுநாள் விசாரிக்க வந்தார். இத்தனை ஆங்கிலம் தெரிந்தவன் இப்படிப் பிழையாகப் பேசிவிட்டேனே என்று வெட்கப்பட்டு, தூங்குவதாக மகனைச் சொல்லச் சொன்னேன். ஊர் திரும்பும்வரை வாசலுக்கே போகவில்லை. குளிரெல்லாம் பிறகு சொன்னது.

ஜனவரி 15 அன்று சிந்து வேலைக்குப் போனாள். அன்று கொளஞ்சியப்பன் வீடியோவில் வந்தான். வால்டர் மடியில் குழந்தை, கையில் ஒரு கிண்ணம்.

“கெழவனுக்கு நம்ம சுண்டல் புடிச்சுப் போச்சு மச்சான். நீயும் இன்னொரு தடவ போய்ப் பாரேன். அறிவரசன் கூப்புடுறான்ல?”

“முட்டி வலிக்குதுய்யா.”

என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. அவன் நம்பிவிட்டான். தைலம் பேர் ஒன்று சொல்லி, காலையும் மாலையும் தேய்க்கச் சொன்னான். குழந்தை அழவே, “அப்பறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டான்.