மூன்று கம்பைலரும் ஒரு வள்ளமும்

ஜாவா எழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: புரோகிராம் தப்பாக ஓடினால் திட்டு நமக்கு, ஒழுங்காக ஓடினால் நம்மை யாருக்கும் தெரியாது.

திரை பறந்தது

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். நானும் பிந்துவும்தான். குளத்தூர் கடற்கரை மீனவர் சங்கம் ஒன்றுக்கு, கடலில் நிற்கும் வள்ளங்களின் இடத்தைத் திரையில் காட்டும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். படம் நகரவே மாட்டேன் என்கிறது என்று சங்கச் செயலாளர் மரியதாசன் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார்.

புரோகிராமில் அடிக்கடி ஓடும் பகுதிகளை, ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியின் சொந்த மொழிக்கு மாற்றுவது ஜேஐடி கம்பைலரின் வேலை. இணையத்தில் வேகத்துக்காகப் பலரும் புகழ்ந்த ஒன்றைப் பிடித்துப் போட்டேன். திரை பறந்தது. பிந்துவின் முகம் மட்டும் தெளியவில்லை.

"வேகம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு சேட்டா. கணக்கு செரியான்னு ஆரு பாத்தது?"

பஸ் ஸ்டாண்டில் வள்ளம்

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சங்கத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். அவர் கணவர் அந்தோணி கடலுக்குப் போயிருந்தார். "மக்கா, எங்க வீட்டு ஆளுக்க வள்ளத்த நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுல காணிக்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எஞ்சின் நின்னு போச்சுன்னு போன் பண்ணினாரு, பின்ன லைன் கிட்டல்ல. தேடிப் போறவங்க எங்க போவணும்? அதச் சொல்லு."

கரையில் தொலைந்தவர்

ஜேஐடியை அணைத்துவிட்டு, வள்ளத்திலிருந்து வந்திருந்த அதே சிக்னல்களை வைத்துப் புரோகிராமை வரிவரியாக, மெதுவாக ஓடவிட்டேன். வள்ளம் கடலுக்குள் வந்து நின்றது. பிந்து காகிதத்தில் கணக்குப் போட்டுச் சரிபார்த்தாள். இடத்தைச் சொன்னோம். தேடிப் போன வள்ளம் அங்கேயே அந்தோணியைக் கண்டு, கட்டி இழுத்து வந்தது. பைக்கில் கடற்கரைக்கு விரைந்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"கடல்ல எனக்கு ஒண்ணும் ஆவல்ல மக்கா. கரையில உள்ள மெஷினாக்கும் என்னைத் தொலைச்சது."

ஒரு வாரப் பரீட்சை

அதன்பிறகு மூன்று கம்பைலர்களை ஒரு வாரம் ஓடவிட்டோம். ஒரே சிக்னல்கள், ஜேஐடி இல்லாமல் கிடைக்கும் விடையோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டோம். திரையைப் பறக்கவிட்ட முதலாவது, சில மணி நேரம் சரியாகச் சொன்னது. தூரம் கணக்கிடும் பகுதியை அது மாற்றி முடித்த பிறகுதான் உளறியது. சோதனை என்று ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்த எனக்கு அது எப்படித் தெரியும்? இரண்டாவது ஒரே ஒரு முறை சறுக்கியது. நடுத்தர வேகமுள்ள மூன்றாவது கடைசிவரை தவறவில்லை. அதையே போட்டோம். படம் கொஞ்சம் தாமதமாகத்தான் நகரும் என்று மரியதாசன் அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பைய வரட்டு மக்கா. பொய் சொல்லாம வந்தா போதும்."

வேகத்தைப் புகழும் கட்டுரைகளை இப்போதும் ஆசையோடு படிக்கிறேன். படித்து முடித்ததும் பிந்துவிடம் காட்டி, வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு மூடிவிடுகிறேன்.