பட்டறைக்குள் இருந்த சூடு

நாற்றம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சூடு. அதை நான் நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டேன்.

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில், மூட்டை பிடிக்கும் பிரிவில் என் இளமை போனது. நிரம்பி விழும் மூட்டைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். லாரியில் ஏறியதும் தார்ப்பாய் போர்த்தி, ஈரம் எட்டாதபடி இறுக்கிக் கட்டவைப்பேன். அங்கே சூடு என்றால் உயிர். கை சுட்டால் புதுச் சரக்கு, ஆறியிருந்தால் பழசு. காற்றும் ஈரமும் எங்களுக்குப் பகை. அவை நுழைந்த மூட்டை கல்லாகிவிடும். எத்தனையோ மழைக்காலம் வந்து போனது. நான் கட்டிய லாரியில் ஒரு மூட்டைகூடக் கல்லானதில்லை.

பிறகு புது எந்திரம் வந்தது. தானே பிடித்தது, தானே எடை பார்த்தது, தானே அடுக்கியது. நாங்கள் நின்ற இடத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, உள்ளே வரக்கூடாது என்றார்கள். ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சின்ன வயது அதிகாரி, உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். டீயைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த அறையில் அதுவரை யாரும் எனக்கு டீ தந்ததில்லை.

ஐம்பதை நெருங்குகிறவனுக்கு ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. அதுவும் பிறத்தியார் வாசல்: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை. ஏஜெண்ட் அளவுகூடப் பார்க்காமல் ஒரு நீலச் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஆணியில் தொங்கியது. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் நெஞ்சு உப்பி, மூச்சு விட்டது.

என் மனைவி செட்டிகுளத்துப் பக்கம் பிறந்தவள். "கேட்டத் தொறந்து தொறந்து மூடுறதுக்கா அம்புட்டுத் தூரம் போவீங்க? எங்கண்ணனோட வெங்காயக் காடு பாதி நாளு சும்மாதானே கெடக்கு" என்றாள். அவள் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். போனால் வடக்கே எங்காவது சுற்றிவிட்டுத்தான் திரும்புவார். கேட்டதும் சிரித்தார். "வாங்க மாப்ள. மண்ணு ஒண்ணும் மஞ்சக் கோடு போடாது."

போனோம், அவர் காட்டு வீட்டுக்கு, நீலச் சட்டையையும் எடுத்துக்கொண்டு. அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கரிசல் என் காலைப் பிடித்து இழுத்தது. இடுப்பு ராவெல்லாம் முனகியது. ஆனாலும் சின்ன வெங்காயம் விளைந்தது. விற்றதுபோக மிச்சத்தை விதைக்கென்று பட்டறையில் போட்டோம். பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் படாமல் கல்மேல் தூக்கிக் கட்டிய நீளக் கூண்டு. பக்கமெல்லாம் சந்துவிட்டுக் கட்டிய குச்சி, மேலே கீற்று. ஆடியில் அதைத்தான் ஊன்றவேண்டும். அது இருந்தால் நான் காட்டுக்காரன். இல்லாவிட்டால் நீலச் சட்டை.

மச்சான் லாரி ஏறும்போது சொன்னது இவ்வளவுதான்: "சிமெண்ட் மாப்ள, பட்டறைய மட்டும் பாத்துக்கங்க. மாடுன்னா கத்தும். இது கத்தாது."

சித்திரைக் கடைசியில் கிழக்கே கருத்தது. காற்று விழுந்துவிட்டது. காக்கைகள்கூட வாயை மூடிக்கொண்டன. வானத்தைப் பார்த்ததும் எனக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டான். ஓடினேன். வீட்டிலிருந்த தார்ப்பாய்களையெல்லாம் இழுத்துவந்து, பட்டறைக்கு மேலும் பக்கமும் அடியும் சுற்றி, கயிறு போட்டு முறுக்கினேன். லாரிக் கட்டு. எறும்பு நுழையாது.

மனைவி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "என்னங்க இது, பொணத்தக் கட்டுன மாதிரி? அண்ணன் மேல மட்டுந்தான் போடுவாரு."

"சாரல் அடிச்சா உங்கண்ணனா வந்து நனைவாரு? போடி. எனக்குத் தெரிஞ்ச வேல இது ஒண்ணுதான்."

மழை வந்தது. விட்டு விட்டு, நின்று யோசித்து, மறுபடி வந்தது. கீற்றுமேல் விழாமல் தார்ப்பாய்மேல் விழுந்த அந்தச் சத்தம் பறைபோல இருந்தது. இடையில் ஒருநாள் கயிற்றைத் தளர்த்தி, மடிப்புக்குள் கையை விட்டேன். உள்ளங்கையில் இதமாகச் சுட்டது. வெளியே உலகமே குளிர்ந்து கிடக்க, உள்ளே அத்தனை சூடு. ஒரு சொட்டு ஈரம் போகவில்லை என்று நினைத்தேன். மறுபடி இறுக்கிக் கட்டினேன். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

எப்போதும் பட்டறைக்கு அடியில் படுக்கும் மச்சான் வீட்டு நாய் மறுநாளிலிருந்து அங்கே படுக்கவில்லை. தள்ளி மழையில் நின்றுகொண்டு அதையே பார்த்தது. ஈக்கள் வந்தன. காற்றில் ஒரு இனிப்பு, அழுகப்போகிற இனிப்பு. "எலி ஏதாச்சும் செத்துருக்கும்" என்றேன். "ஆமா, எலிதான்" என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் மச்சான் போன் வந்தது.

"மழையாமே மாப்ள?"

"கவலப்படாதீங்க மச்சான். மூடிட்டேன்."

"மேலதான?"

"சுத்தியும். காத்துகூடப் போவாது."

அந்தப் பக்கம் எந்த ஊர்ச் சாலையோ, லாரி உறுமுவது மட்டும் கேட்டது. பிறகு அந்த உறுமலும் நின்றது. வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"கைய விட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லா சூடா இருக்கு."

"மாப்ள," குரல் மெல்ல இறங்கியது, "போயி அவுத்து விடுங்க. போன வச்சுட்டுப் போங்க. அது மூச்சு விடற பொருளு."

முடிச்சுகள் அவிழவில்லை. நான் போட்ட முடிச்சுகள் அல்லவா? அரிவாளால் அறுத்தேன். தார்ப்பாய் விலகியதும் ஆவி எழுந்தது, இட்லிக் குண்டானைத் திறந்ததுபோல. பின்னாலேயே நாற்றம். நடுவில் கையை விட்டபோது வெங்காயம் கையோடு வரவில்லை. கூழாக விரல்களுக்கிடையே வழிந்தது. ஓரத்தில் கிடந்தவை பிழைத்திருந்தன, அல்லது பிழைத்தவை போல இருந்தன.

பொறுக்கினோம். நல்லதை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டில்மேல், பாய்மேல், சாமிப் படத்துக்கு முன்னால் எல்லாம் பரப்பினோம். நீலச் சட்டை ஆணியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தது. அதற்குக் கீழே பரப்ப மட்டும் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. பரப்பியவற்றிலும் தினம் சில கசிந்தன. நான் கை வைத்துப் பார்ப்பேன். மனைவி கேட்பாள்: "சுடுதா?" என் கையை நானே நம்பாமல், "நீயே வச்சுப் பாரேன்" என்பேன்.

மச்சான் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஆடி வரைக்கும் தாங்காது மாப்ள. இருக்கறத இப்பவே ஊனிடுங்க. வந்தா வெங்காயம், வராட்டி எரு" என்றார்.

ஊன்றினோம். பாதிக் காட்டோடு விதை தீர்ந்துவிட்டது. மீதிக் கரிசல் வாயைத் திறந்தபடி கிடக்கிறது. இன்று சாயங்காலம் ஏஜெண்ட் கூப்பிட்டார்: "சார், இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. என்ன, வரீங்களா இல்லியா?" முளை தெரியட்டும், சொல்கிறேன் என்றேன். என்ன முளை என்று அவர் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனேன். மறுபடி கிழக்கே கருத்துக்கொண்டிருந்தது. ஒரு முளையும் மேலே வரவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெங்காயம் ஊன்றிய மண்மேட்டுப் பாருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மண் சுட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலா, உள்ளே ஒவ்வொன்றாக அழுகுவதா, என் கைக்குத் தெரியவில்லை. தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தோண்டினால் இருப்பதும் சாகும். கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், முதல் சொட்டு முதுகில் விழும்வரை.