தொடக்க நிதியைத் திருப்பிக் கொடுத்தவர்

செய்தி துறையூருக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் தவளையின் இதயம் வரைந்துகொண்டிருந்தேன். பள்ளி உதவியாளர் வாசலில் நின்று சொன்னார்: "டீச்சர், திருச்சியிலேருந்து போன் வந்துச்சு. யாரோ லூர்தாம். காலையில தவறிட்டாங்களாம்."

யாரோ லூர்து. படத்தை முழுதாக வரைந்து முடித்த பிறகுதான் வெளியே வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

மஞ்சள் காமாலை. முப்பதை அப்போதுதான் தாண்டியிருந்தார். கல்லூரியில் என்னோடு விலங்கியல் படித்தவர். வாடி, போடி என்று பேசிக்கொண்ட ஒருவரை 'அவர்' என்று எழுதக் கை கூசுகிறது. அவரை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

அன்று மாலை சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். பசை காயவில்லை. 'இயற்கை அன்னையின் செல்ல மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி.' ஒட்டியது நகரத்துச் சேவைச் சங்கம் ஒன்று. லூர்துவின் பெயரைவிடச் சங்கத் தலைவரின் பெயர் பெரிய எழுத்தில். படத்தில் லூர்துவின் தோளருகே இரண்டு கைகள், பொன்னாடையைப் பிடித்தபடி. ஏதோ விழாப் படத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள். கைகளை வெட்ட மறந்துவிட்டார்கள்.

எந்த விழா என்று எனக்குத் தெரியும்.

பொன்மலையில் அவர் வீட்டுக்குப் போனபோது தலைவர் வந்துவிட்டுப் போயிருந்தார். லூர்துவின் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வசந்தா, மாணவருக்குக் குடுக்கற நிதிக்கு அவ பேரை வைக்கறாங்களாம். முப்பதாம் நாள் பூசைக்குள்ள சரின்னு சொல்லணுமாம். வருஷா வருஷம் நான்தான் விளக்கேத்தணுமாம். பேரு நிக்கும்ல?"

அம்மாவுக்குக் கணவர் இறந்து பல வருடம். ஒரே மகள். இனி அந்த வீட்டில் பெயர் மட்டும்தான். அந்த விழாவைப் பற்றி லூர்து வீட்டில் எதையும் சொல்லி வைத்ததில்லை.

எழுபதுகளின் கடைசி. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் இருந்தது. லூர்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வருவார். ஒரு நாள் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "உங்க ஊருல எது செத்துப் போச்சு?"

எதுவும் சாகவில்லை. முகூர்த்த மாதம். தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம். அதன் பின்சுவரை ஒட்டி வாய்க்கால். பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளைச் சுவருக்கு மேலே வீசுவார்கள். அவை மிதந்து போய்ச் சின்னப் பாலத்தின் குழாயில் அடைத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் வாழைத்தோட்டங்களுக்குத் தண்ணீர் போகாது. இந்தப் பக்கம் குடிசைகளுக்குள் சாம்பாரும் மோரும் கலந்த தண்ணீர் ஏறும்.

குடிசைகளில் ஒன்றில் செல்லம்மா இருந்தார். வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. லூர்துவிடம் அவர் முதலில் சொன்னது: "எந்தக் கல்யாணத்துல என்ன பாயசம்னு நான் சொல்லுவேன் கண்ணு. எனக்குப் பத்திரிகையே வேணாம்."

லூர்து சிரிக்கவில்லை. மறுநாளே வகுப்பில் ஆள் சேர்த்தார். யோசனை எளியது. மண்டபத்தின் பின்னால் காலி இடம் இருந்தது. அங்கே குழிகள் வெட்டி இலைகளை மக்கவைப்பது, எருவைத் தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பது. மண்வெட்டி வேண்டும், கூடை வேண்டும், மாடு இறங்காமல் வேலி வேண்டும். எங்களிடம் எதுவும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் சேவைச் சங்கம், சுற்றுப்புறத்தைக் காக்கும் மாணவர் குழுக்களுக்குத் தொடக்க நிதி தருவதாக அறிவித்தது.

சங்கத் தலைவர்தான் மண்டபத்தின் உரிமையாளர். நிதி கேட்டுப் போன பிறகுதான் தெரிந்தது. லூர்து மகிழ்ந்தார். "வேலை பாதி முடிஞ்சுதுடி. இலை போடறவரே காசு குடுக்கறாரு."

தலைவர் திட்டத்தைக் கேட்கவில்லை. "விழா எப்ப வச்சுக்கலாம்?" என்றார்.

"குழி வெட்டணும் சார். விழா எதுக்குங்க?"

"வெறுங் குழியப் போட்டோ எடுத்துப் பேப்பருக்குக் குடுக்க முடியாதேம்மா."

விழா நடந்தது. மண்டபத்துக்குள்ளேயே. சிறப்பு விருந்தினர் பின்பக்கம் நடக்கக் கூடாதென்று வாசலருகே, கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டினார்கள். சுற்றிலும் கோலம். மஞ்சள், குங்குமம், நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம். புரோகிதர் ஏதோ சொன்னார். அப்போதுதான் நறுக்கிய தலைவாழை இலை ஒன்று வெள்ளித் தட்டில் வந்தது. விருந்தினர் அதைக் குழிக்குள் மெல்ல இறக்கினார். கைதட்டினார்கள். லூர்துவுக்குப் பொன்னாடை, நிதி உறை. படம்.

பிறகு விருந்து. இருநூறு பேராவது இருந்திருப்பார்கள்.

நாங்கள் கூடையோடு பின்பக்கம் காத்திருந்தோம். இலைகள் வரவில்லை. சுவருக்கு மேலே பறந்து வாய்க்காலில் விழுந்தன. லூர்து ஓடிப்போய்ப் பந்தி ஆட்களைக் கேட்டார்.

"முன்னாடி குழி வெட்டியிருக்குல்ல. அதுல போடுங்களேன்."

"அதுல எப்படிம்மா போடறது? பூசை பண்ண குழி. எச்சில் படக்கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாரு."

எச்சில் இலைக்காக வெட்டிய குழி. அதில் எச்சில் படக் கூடாது. எங்களில் ஒருவர்கூடப் பூசை நடந்தபோது இதை நினைக்கவில்லை. நானும்தான் கை கூப்பி நின்றேன்.

லூர்து பொன்னாடையோடு வாய்க்காலில் இறங்கினார். பின்னால் நாங்கள். முழங்கால்வரை சோறு. ஊறிய அப்பளம், மென்று துப்பிய முருங்கைச் சக்கை, வெற்றிலைச் சாறு. கத்தரிக்காய்த் துண்டு ஒன்று என் காலில் ஒட்டியது. குமட்டியது.

"வாந்தி எடுக்கறதுன்னா கரையில போய் எடு. தண்ணியில எடுக்காதே," என்றார் லூர்து.

கரையில் எடுத்தேன்.

சொட்டச் சொட்ட ஒரு கட்டு இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் கூடத்துக்குள் போனார். தலைவரும் நண்பர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், அந்தக் குழியில எச்சில் போடக்கூடாதாம். இதை எங்க போடட்டும்?"

தலைவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றும் அருவருப்பு. பிள்ளையைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னார்: "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடும்மா. பெரியவங்கள்லாம் வந்திருக்காங்க. நாளைலேருந்து பாத்துக்கலாம். புடவையெல்லாம் பாரு, சே."

மறுநாள் லூர்து நிதியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கூடப் போனேன். தலைவர் திகைத்துவிட்டார். "அறிக்கையில போட்டாச்சேம்மா. திருப்பி வாங்கறதுக்கு எங்ககிட்ட வழிமுறையே கிடையாதே."

"அதுக்கு ஒரு விழா வச்சுக்குங்க சார்," என்றார் லூர்து. உறையைப் பூச்சாடிக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

அதன் பிறகு காசில்லாமல் நடந்தது. தோட்டக்காரர்களிடம் போய்ச் சண்டை போட்டார். "தண்ணி வரலைன்னு அழறீங்க, வண்டி வச்சிருக்கீங்க, இலையை அள்ளிட்டுப் போங்களேன்." இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் தோட்டத்திலேயே குழி. வேறு மண்டபங்களின் சமையல்காரர்களை நேராகப் போய்ப் பார்த்தார். முதலாளிகளிடம் போவதை நிறுத்திவிட்டார். படிப்பு முடிந்து அரியமங்கலத்தில் பள்ளி வேலை கிடைத்த பிறகும் முகூர்த்த ஞாயிறுகளில் வந்து நிற்பார்.

பொறுமைசாலி என்று பொய் எழுத மாட்டேன். கூடைக்கு மூக்கைச் சுளித்த மாணவிகளை அவர் திட்டிய திட்டில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. என்னையும் ஒரு முறை "செண்ட் பாட்டிலு" என்றார். இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன்.

வாய்க்காலில் ஒரு பகுதியில் தண்ணீர் ஓடியது. முழுதும் அல்ல. தலைவரின் மண்டபத்து இலைகள் கடைசிவரை சுவருக்கு மேலேதான் பறந்தன. சங்கத்தின் ஆண்டு மலரில் மட்டும் ஒவ்வொரு வருடமும் அதே பொன்னாடைப் படம் வந்தது. 'நமது நிதியால் மலர்ந்த திட்டம்.' மலரைக் கொண்டுபோய்க் காட்டினால் லூர்து, "என் மூக்கு நல்லா விழுந்திருக்குல்ல?" என்பார். மறுத்து எழுது என்று நான் சொன்னபோது, "நீ எழுது. எனக்குக் கையெல்லாம் இலை," என்றார். நான் எழுதவில்லை.

இதையெல்லாம் லூர்துவின் அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "பணக்காரங்கன்னா அப்படி இப்படி இருக்கும். பேரு வைக்கறது நல்லதுதானே," என்றார். பிறகு, "அந்த எடத்தக் காட்டு," என்றார்.

முப்பதாம் நாளுக்கு முந்தின வாரம். முகூர்த்த நாள். பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்துக்குள் நாதசுரம் கேட்டுக்கொண்டிருந்தது. பின்பக்கம் சுற்றிப் போனோம். செல்லம்மா வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் பந்தி முடிந்தது. சுவருக்கு மேலே இலைகள் வந்து விழுந்தன.

அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "இதுலயா எறங்குனா?"

"ஆமாம்மா."

கரையோரம் ஒதுங்கிய ஓர் இலையைக் குனிந்து எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். உள்ளே ஒரு ஜாங்கிரி முழுதாக இருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. அதையே வெகுநேரம் பார்த்தார்.

"கடிச்சுக்கூடப் பாக்கலை பாரு," என்றார்.

இலையைத் தண்ணீரில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். போடுவதற்கு அங்கே இடமில்லை. செல்லம்மா வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

"வசந்தா, அந்தத் தலைவர்கிட்ட நீயே சொல்லிடு. பேரு வேணாம். அவ படமும் வேணாம், சொவத்துல இருக்கறதைக் கிழிக்கச் சொல்லு. என்னை விளக்கேத்தவும் கூப்பிட வேணாம்."

சொல்லிவிட்டேன். தலைவர் வருத்தப்பட்டார். வேறு பெயர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

லூர்து மேரி அவர்களுக்கு என் வணக்கம். இந்த மாதம் முகூர்த்தங்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை இலை அள்ள அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.