மீதியைப் பாடியவர்

இது நடந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. கதை கட்டுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். என் போனில் ஐந்து பதிவுகள் இருக்கின்றன. தேதியும் நேரமும் அதிலேயே இருக்கின்றன. அது எந்தப் பாட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். நாளைக்கு உங்கள் வீட்டில் யாராவது அதை முணுமுணுத்தால் நீங்கள் நிம்மதியாகக் கேட்க வேண்டும் இல்லையா?

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் மூன்று மணிக்கு.

என் பெயர் மாதேஸ்வரி. அப்போது ஓசூரில் தனியாக இருந்தேன். ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். இரவு ஒன்பதரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் காலை ஏழரைக்குத் திரும்புவேன். நஞ்சம்மா என்பவரின் காம்பவுண்டில் வரிசையாக ஆறு ரூம்கள். ஆறாவது என்னுடையது. மற்ற ஐந்திலும் பகல் ஷிப்ட்காரர்கள். நான் தூங்கி எழும் மத்தியான நேரத்தில் அங்கே ஆள் சத்தமே இருக்காது. கொடியில் யூனிபார்ம் சட்டைகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் தமிழரசன் பாரூரில் விவசாயம் பார்க்கிறார். கரும்பும் நெல்லும். "இவ்ளோ நெலம் கெடக்குது, உனுக்கு எதுக்கு நைட் ஷிப்ட்டு?" என்பார் அவர். "நான் படிச்சது எதுக்கு?" என்பேன் நான். ஒரு நாள் பேச்சு முற்றிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏழு வாரம் ஓடிவிட்டது. அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவர் ஒரு வார்த்தை "வா" என்றால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஆனால் அவர்தான் முதலில் கூப்பிட வேண்டும். அப்படி ஒரு வீம்பு.

என் லைனில் வேலை செய்யும் சுப்ரியாதான் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். "அக்கா, இப்படி உம்முனே இருந்தீங்கன்னா சூப்பர்வைசரே பயந்து லீவு போட்டுருவாரு. பாட்டாவது பாடுங்க." டூயட் பாட்டில் நம் பாதியை மட்டும் பாடி அதில் போட்டுவிட வேண்டும். உலகத்தில் எங்கோ இருக்கும் யாரோ மீதியைப் பாடிச் சேர்ப்பார்கள். கம்பெனியில் பாதிப் பேர் அதில்தான் கிடந்தார்கள். ரூமில் பேச ஆள் இல்லாதவர்களுக்கு அது ஒரு துணை.

அந்தச் சனிக்கிழமை எழுந்து காபி குடித்தேன். அந்தப் பாட்டைத்தான் பாடத் தோன்றியது. கல்யாணமான புதிதில் பாரூர் ஏரிக்கரையில் வண்டி ஓட்டிக்கொண்டே அவர் பாடுவார். பின்னால் உட்கார்ந்து பெண் குரலை நான் பாடுவேன். இரண்டாவது சரணத்தில் ஒரு வரி அவருக்கு எப்போதும் மறந்துவிடும். அந்த இடத்தில் "ம்ம்... ம்ம்ம்..." என்று ராகத்தை மட்டும் இழுத்துச் சமாளிப்பார். நான் முதுகில் குத்துவேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தமும் அவர் சட்டையின் வியர்வை வாசமும் சேர்ந்து... அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எனக்கு அந்த ஏரிக்கரைதான் ஞாபகம் வரும்.

என் பாதியைப் பாடிப் போட்டேன். மணி 3:08.

3:12க்குப் பதில் வந்தது. போட்டோ இல்லை. பெயர் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும். இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

அவர் குரல். இரண்டாவது சரணத்தில் அந்த வரி வரவில்லை. "ம்ம்... ம்ம்ம்..." என்று இழுவை மட்டும்.

தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதேன். சாப்பிட்டுவிட்டுக் களத்து மேட்டில் உட்கார்ந்து பாடியிருப்பார் என்று நினைத்தேன். அவர் தம்பி அன்புமணியின் போனில் அந்த ஆப் இருக்கிறது. கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு இப்படித் தூது விடுகிறார்! உடனே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வீம்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

ஞாயிறும் அதே பாட்டு. 3:08க்குப் போட்டேன், 3:12க்குப் பதில். பின்னணியில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் கிணற்று மோட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அன்றைக்குத் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமைப் பதிலில் அவர் குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு பெண் கத்துவது கேட்டது.

"நீரு பந்த்து... தண்ணி வந்துச்சு, புடிங்கம்மா!"

நஞ்சம்மாவின் குரல். எங்கள் காம்பவுண்டுக் குழாயில் தண்ணீர் வந்தால் அவர் அப்படித்தான் கன்னடமும் தமிழும் கலந்து கத்துவார். அன்றும் கத்தினார். நான் பாடி முடித்து, போட்டுவிட்டு, கட்டிலில் பதிலுக்காகக் காத்திருந்தபோது. என் காதாலேயே கேட்டேன்.

அப்படியானால் அவர் பாரூரில் இல்லை. இங்கே இருக்கிறார்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வெயில். சட்டைகள். நடையில் ஒரு செருப்புகூட இல்லை.

நஞ்சம்மா குடத்தோடு நின்றார்.

"யாராவது வந்தாங்களா நஞ்சம்மாக்கா?"

"கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுதான் இருக்குது. யாரு வருவா? ஏம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

செவ்வாய்க்கிழமை கதவை உள்ளே தாழிட்டேன். ஜன்னலையும் சாத்தினேன். பாடினேன். 3:12க்குப் பதில் வந்தது. இந்த முறை வெளிச் சத்தம் எதுவும் இல்லை. பாட்டுக்கு அடியில் சீராக ஒரு ஒலி மட்டும். டக்... டக்... டக்...

நிமிர்ந்து பார்த்தேன்.

என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டக்... டக்... டக்...

அப்புறம் பதிவில் யாரோ இருமினார்கள். பெண் இருமல்.

என் இருமல்.

அன்றைக்கு ஷிப்டில் சுப்ரியாவிடம்கூடச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

புதன்கிழமை பாடக் கூடாது என்று முடிவு செய்தேன். இயர்போனை மாட்டி, ஆப்பைத் திறந்து, பதிவு பட்டனை அமுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். ஒரு எழுத்து பாடவில்லை. அந்த மௌனத்தை அப்படியே போட்டேன்.

3:08.

பதில் ஏற்கெனவே வந்திருந்தது. அதில் போட்டிருந்த நேரம் 3:05.

அமுக்கினேன்.

அவர் பாடவில்லை. மூச்சு விடும் சத்தம். இரண்டு மூச்சு. ஒன்று என்னுடையது. மற்றது ரொம்பப் பக்கத்தில்...

பதிவு முடிந்தது.

மூச்சு நிற்கவில்லை.

இயர்போனைக் கழற்றினேன்.

அப்போதும் நிற்கவில்லை.

"...நீங்களா?"

வலது காதோரம். சூடாக.

"ம்ம்... ம்ம்ம்..."

தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. தெருமுனைக் கடையில் நின்றுதான் அவர் நம்பரை அழுத்தினேன். மணி 3:20. எடுத்தது அன்புமணி.

"அண்ணி..." என்றான்.

"அவர் எங்கடா?"

"கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில. வெள்ளிக்கெழம குந்தாரப்பள்ளிகிட்ட லாரி இடிச்சிருச்சி. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க அம்மா."

மாலை 5:40க்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். என் மாமியார் பூவம்மாள் ஐ.சி.யூ. கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? உன்னக் கூட்டியாறேன்னு ஓசூருக்குக் கெளம்புனவன்டி. பாதி வழியில கெடந்தான்."

நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை என் முதுகில் விழுந்தது. அடிக்கத்தான் வந்தது என்று நினைக்கிறேன். அடிக்கவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தொண்டைக்குள் குழாய். "எப்போ போட்டாங்க?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி. இன்னும் எடுக்கல."

முதல் பதிவு சனிக்கிழமை.

அன்புமணிக்கு அதைப் போட்டுக் காட்டினேன். நான்கு வினாடி கேட்டான். போனைப் பிடுங்கி அணைத்தான். "அண்ணன்தான்" என்றான். அப்புறம் அதைப் பற்றி அவன் பேசவே இல்லை.

பத்தொன்பதாம் நாள் அவருக்கு நினைவு வந்தது. என்னைப் பார்த்தார். சிரித்தார். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கம்பெனிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். ரூமைக் காலி செய்து, பூட்டி, சாவியை நஞ்சம்மாவிடம் கொடுத்தேன். என் வீட்டுக்காரரைப் பாரூருக்குக் கூட்டி வந்தோம். நடக்கிறார். சாப்பிடுகிறார். வயலுக்குக்கூடப் போய் வருகிறார்.

பேச்சு மட்டும் வரவில்லை.

மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். "ஏன் வரலன்னு எங்களுக்கே புரியலம்மா."

நேற்று மத்தியானம் நஞ்சம்மா கூப்பிட்டார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாதேஸ்வரி, உன் ரூம் சாவி வேற யாருகிட்டயாவது இருக்குதா?"

"இல்லையேக்கா."

"புதுசா ஆளு யாரும் வரலம்மா, பூட்டியேதான் கெடக்குது. ஆனா தெனமும் இந்நேரத்துக்கு உள்ள ஒரு ஆம்பள பாடறான். இப்பவும் பாடறான். இரு, கதவுகிட்ட வெக்கறேன், கேளு."

மணி 3:12.

கேட்டது. ரொம்ப மெல்ல. என் எதிரே உட்கார்ந்திருந்தவர் சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்தினார். அவர் முகம் மாறியது.

பாட்டு நின்றது.

அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

போனில் வந்தது.

"மாதேசு... என்ன உள்ள வெச்சிப் பூட்டிட்டு யாரக் கூட்டிட்டுப் போன?"