லாசருவின் படம்

குவைத்தின் ஃபஹாஹீலில் நாங்கள் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை வேதபாட வகுப்பில் டீச்சர் ஒரு படம் கொடுத்தார். இத்தாலியில் ஐந்நூறு வருடங்களுக்கு முன் வரைந்த ஓவியத்தின் அச்சு. பணக்காரன் வீட்டு விருந்து மேசை, சுற்றிலும் வெல்வெட் உடுத்தியவர்கள், வீணை மாதிரி ஒன்றை மீட்டும் பெண். வலது ஓரத்தில், வாசல் தரையில் பிச்சைக்கார லாசரு. அவன் காலை ஒரு நாய் நக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளி பெற்றோர்கள் முன்னால் அதைக் காட்டி நான் கதை சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலமே எங்கள் மாடிப்படியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ராமநாதபுரத்துக்காரர். பாலைவனத்தில் ஆடு மேய்த்தவர், விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடம் சொல்லாமல் ஓடி வந்திருந்தார். பாதம் வெடித்துச் சீழ் வைத்திருந்தது. உள்ளே தமிழ்ப் பேச்சு கேட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

“ரெண்டு நாளு மட்டும் சார். ஞாயித்துக்கிழமை எம்பசிக்குப் போயிருவேன்.”

“உங்கள உள்ள வச்சா என் விசா போயிரும் தம்பி. எனக்கும் பிள்ளை இருக்கு” என்றார் அப்பா. கேட்டால், அப்பாதான் கெஞ்சுகிறார் என்று தோன்றும்.

அம்மா சோறும் மீன்குழம்பும் என்னிடம் கொடுத்தனுப்பினாள். ஒத்திகைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், அவர் சாப்பிடச் சாப்பிட முழுக் கதையையும் சொன்னேன். செத்த லாசருவைத் தேவதூதர்கள் தூக்கிப் போவதைக் கைகளை விரித்து நடித்தேன்.

“அதுக்கு முன்னாடி யாரும் உள்ள கூப்பிடலையா பாப்பா?”

“கதையில அது இல்ல மாமா.”

மறுநாள் காவலாளி சத்தம் போட, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். செவ்வாய்க்கிழமை, பின்பக்கம் கார்கள் நிறுத்துமிடத்தில், வெயிலில் செத்துக் கிடந்தார். போலீஸ்காரர் வீடு வீடாகப் போட்டோவைக் காட்டி விசாரித்தார்.

“மாஃபி மாலூம்” என்றார் அப்பா. தெரியாது என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் நன்றாகத்தான் சொன்னேன். லாசரு சாகும் இடத்தில், கடைசி வரிசையிலிருந்த அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குப் பரிசாகப் பென்சில் பெட்டி கிடைத்தது. காரில் காட்டினேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

“அப்பாவுக்குத் தலைவலி” என்றாள் அம்மா.

எந்த இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.